பழைய எண் பதினான்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

லிஃப்ட் இன்றைக்கும் வேலை செய்யவில்லை. எங்கள் கட்டடப் பாதுகாப்புப் பிரிவு நாலாவது மாடியில் இருக்கிறது. நகரத்தில் எந்த வீடு நிற்கும், எது விழும் என்று சொல்ல வேண்டிய நான் மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறேன், அந்தக் கைப்பிடியும் ஆடுகிறது. நாலு பொறியாளர் இருக்க வேண்டிய அறையில் நான் ஒருத்தி. மற்ற மூன்று நாற்காலியிலும் கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் ஓய்வு வயது வந்துவிட்டது.

மதியம் அச்சகத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்குப் போனேன். பதினான்காம் எண் வீடு. மூன்று மாடி, ஒன்பது குடும்பம். படிக்கட்டுச் சுவரில் விரிசல். பேனாவை விட்டுப் பார்த்தேன், மூடி வரைக்கும் உள்ளே போனது. மேல்மாடி வெளிச்சுவர் தொப்பை போட்டிருக்கிறது. அடியில் கழிவுநீர்க் குழாய் கசிந்து கசிந்து மண்ணை அரித்துவிட்டது. இரண்டாம் மாடியில் துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பூசிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். பூசி மினுக்குகிற கட்டத்தை எல்லாம் தாண்டிவிட்டது அம்மா என்றேன். சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்ய.

ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. அறிக்கையை எழுதி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டில் என் கணவர் மாடி அறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். குடியிருந்தவர்கள் போய் ஒரு மாதமாகிவிட்டது. நல்ல குடும்பமாக வரட்டும், அவசரமில்லை என்கிறார். அவருக்கு நல்ல குடும்பம் என்றால் சத்தம் போடாத குடும்பம்.

பிப்ரவரி 24

அதிசயம். பதினான்காம் எண்ணுக்குக் காலி செய்யும் உத்தரவு வந்துவிட்டது. பதின்மூன்றே நாளில்! வேறெங்கோ ஓர் ஊரில் ஒரு வீடு இடிந்து டிவியில் இரண்டு நாள் ஓட்டினார்கள். ஆணையர் பயந்து, ஒரு வாரத்தில் ஆபத்தான கட்டடம் ஒன்றையாவது காலி செய்து காட்டுங்கள் என்று கத்தியிருக்கிறார். இருபத்து மூன்று வருட சர்வீஸில் என் அறிக்கை ஒன்று இவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று காலி செய்தார்கள். நான் அங்கே இல்லை. தலைமை அலுவலகத்தில் 'கோப்புகளை விரைந்து முடிப்பது எப்படி' என்று நாள் முழுக்கப் பயிற்சி. வராதவர்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும் என்று சொல்லியிருந்தார்கள், போய் உட்கார்ந்தேன்.

மாலையில் பசை போன் செய்தார். நோட்டீஸ் ஒட்டும் கடைநிலை ஊழியர்தான் பசை. முப்பது வருடமாக வாளியும் தூரிகையுமாக அலைகிறார், சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது மேடம் என்றார். கீழே கடை வைத்திருக்கிற தையல்காரர் ஒருத்தர், அரசாங்கத்துப் பேப்பரில் சும்மாவா எழுதுவார்கள் என்று சொல்லி, தையல் மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினாராம். அவரைப் பார்த்து மற்ற ஐந்து குடும்பமும் இறங்கிவிட்டது. எல்லாரையும் மூடிக்கிடக்கிற பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள்.

ஆறு குடும்பமா? நான் ஒன்பது என்று எழுதியிருந்தேன். மூன்று குடும்பம் முன்பே பயந்து போயிருக்கும்.

சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், அடிக்கடி வருவதில்லை.

மார்ச் 12, புதன்

ஐயோ.

ஒழுங்கா எழுதணும்.

வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். எட்டிப் பார்க்கலாம் என்று தெருவுக்குள் நுழைந்தேன். என் வீடு — விரிசல் விட்ட அந்த வீடு — மாடியில் துணி காய்கிறது. துணி தேய்க்கிற அம்மா பால்கனியில் நின்று கீழே யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். ஜன்னலில் ரேடியோ பாடுது. நான் நடு ரோட்டிலேயே நின்னுட்டேன், பின்னால சைக்கிள்காரர் திட்டினது கூட உறைக்கல.

தெருவின் மறுகோடியில் கடப்பாறைச் சத்தம். அங்கே ஒரு வீட்டின் கூரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் எங்கள் நோட்டீஸ், என் கையெழுத்து. பக்கத்தில் நீலத் தகடு: 14.

போன வருடம் நகரம் முழுக்கப் புது எண் போட்டோம். எல்லா வீட்டுக்கும் நீலத் தகடு. விரிசல் வீட்டின் சொந்தக்காரர் தகட்டை மாட்டவே இல்லை. சுவரில் கறுப்புப் பெயிண்டில் பழைய எண் பதினான்கு. நான் அதைப் பார்த்து எழுதினேன். தலைமை அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் பழைய எண் என்று ஒன்று இருந்ததே தெரியாது. அதன் கணக்கில் விரிசல் வீடு இருபத்தேழு. பதினான்கு என்பது ஒரு கீறல்கூட இல்லாத இந்தக் கல்லுக்கோட்டை. பசையைக் குறை சொல்ல முடியாது, தாளில் இருந்த எண்ணைத் தேடிப்போய் ஒட்டினார். 'இனி புதிய எண்ணை மட்டுமே குறிப்பிட வேண்டும்' என்ற சுற்றறிக்கையில் 'படித்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பவள் நான்.

ஒன்பது, ஆறு. அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும்டி உனக்கு.

மார்ச் 13

பெரிய சாரிடம் சொன்னேன். தலைமைப் பொறியாளர், ஓய்வுக்கு எட்டு மாதம். கதவைச் சாத்தச் சொன்னார். அந்த உத்தரவை இன்றே ரத்து செய்து, இடிப்பதை நிறுத்தி, தையல்காரர் குடும்பங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, இருபத்தேழைக் காலி செய்யலாம் என்றேன்.

வீட்டுக்காரர் கூரையை எடுத்துவிட்டார், எதற்குள் திருப்பி அனுப்புவாய் என்று கேட்டார். உண்மைதான். அந்த வீட்டுக்காரர் இந்த ஆறு குடும்பத்தையும் வெளியேற்ற ஏழு வருடமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தாராம். நம் நோட்டீஸ் அவருக்கு வானத்திலிருந்து விழுந்திருக்கிறது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள், இங்கே வீடு எரியக்கூட இல்லை.

பெரிய சார் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். மெதுவாகச் சொன்னார்:

"ஒரு நோட்டீஸ் தப்புன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, இதுவரைக்கும் போட்ட நானூறு நோட்டீஸையும் கோர்ட்ல கேப்பாங்கம்மா. நிஜமாவே விழப்போற வீட்டுக்காரனும் தப்பிச்சுக்குவான். இருபத்தேழுக்குப் புதுசா ஒரு கோப்பு போடு. பதினாலைப் பத்தி அதுல ஒரு வார்த்தை வேண்டாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஒரு முழு வீடு.

புதுக் கோப்பு போட்டேன்.

மார்ச் 14

பதினாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொன்னபடியே செய்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இருபத்தேழாம் எண் கோப்பு திரும்பி வந்தது. போன மாதம் காட்டிய வேகத்தால் யாருக்கோ பயம் வந்து, இனிமேல் மூன்று பேர் குழு பார்த்த பிறகுதான் காலி செய்யச் சொல்லலாம் என்று புது விதி. குழுவில் நான் ஒருத்தி, குடிநீர் வாரியத்திலிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒரு கட்டுமான நிபுணர். நிபுணரை இன்னும் நியமிக்கவில்லை. நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்று சட்டப் பிரிவிடம் கேட்டிருக்கிறார்கள்.

குழாய்க் கசிவையாவது அடைக்கட்டும் என்று குடிநீர் வாரியத்துக்குப் போன் செய்தேன். அது கழிவுநீர்க் குழாய், எங்களுடையதல்ல என்றார்கள். கழிவுநீர்ப் பிரிவு, வீட்டு எல்லைக்குள் கசிந்தால் வீட்டுக்காரர் பொறுப்பு என்றது. இருபத்தேழின் வீட்டுக்காரர் வெளிநாட்டில். வாடகை வாங்க மட்டும் ஓர் ஆள் வருவானாம்.

ஏப்ரல் 3

விதியாவது ஒன்றாவது. நேரே போய்ச் சொல்லிவிடலாம் என்று இருபத்தேழுக்குப் போனேன். வேலைக்குப் போகாதவர்கள் படிக்கட்டில் கூடினார்கள். இந்த வீடு விழும், உறவுக்காரர் வீடு எங்காவது இருந்தால் போய்விடுங்கள் என்றேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

துணி தேய்க்கிற அம்மாதான் பேசினார்.

"அந்த வீடும் விழும்னுதானே சொன்னீங்க. இடிக்கறதுக்கு ஆளுங்க பன்னண்டு நாள் கடப்பாறை போட்டாங்க. ரெண்டு கடப்பாறை வளைஞ்சுபோச்சு. தெருவே பாத்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் என்ன சொல்லட்டும்? அது என் தப்பு, உங்கள் வீடுதான் நிஜம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதினாலைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். முழுங்கிட்டேன். எத்தனை நோட்டீஸ் வேண்டுமானாலும் இனி ஒட்டலாம், அந்தத் தெருவில் என் பேச்சு செத்துப்போச்சு.

ஏப்ரல் 11

கவுன்சிலரைப் பார்த்தேன். ஒன்பது குடும்பம் என்றால் முப்பது ஓட்டு என்று அவர் விரல் மடக்கவில்லை, ஆனால் மடக்கினது மாதிரிதான் இருந்தது. மாற்று வீடு கொடுங்கள், நானே முன்னால் நின்று காலி செய்து தருகிறேன் என்றார். நியாயமாகத்தான் கேட்கிறார். மாற்று வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் ஆயிரத்து நூறு பேர். முதல் பெயர் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது.

மே 2

ஆணையர் மாற்றம். புது ஆணையர் எல்லாக் குழுக்களையும் கலைத்துவிட்டார், மறுபரிசீலனையாம். நியமிக்கப்படாத நிபுணர் நியமிக்கப்படாமலே கலைந்துவிட்டார்.

மே 20, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று அந்த ஆறு குடும்பத்தையும் போன மாதமே அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அது எந்தப் பிரிவின் வேலையும் இல்லை.

இருபத்தேழில் விரிசலை அளக்கப் போனேன். இரண்டு விரல் அகலம் கூடியிருக்கிறது. கீழ்த்தளத்து முன்னறையில் தையல் மெஷின் சத்தம். ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில், கழுத்தில் டேப். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காருங்க மேடம், நீங்கதானே அந்த எஞ்சினியர் என்றார். பதினான்கிலிருந்து வந்தவர். முதலில் இறங்கினவர்.

எல்லா இடமும் தேடினாராம். இந்தத் தெருவை விட்டுப் போனால் வாடிக்கையாளர் போய்விடுவார்கள், பசங்க பள்ளிக்கூடமும் பக்கத்தில். தேடித் தேடி இங்கே ஓர் அறை காலியாக இருந்ததாம். ஏன் இருக்காது, விழப்போகிற வீட்டில் அறைக்கா பஞ்சம்.

அவர் மனைவி உள்ளிருந்து டீ கொண்டுவந்தார். தெருவில் கேலி பேசுகிறார்கள், கல் மாதிரி வீட்டை விட்டு ஓடினோம் என்று, ஆனால் எஞ்சினியர் பார்க்கிற கண் வேறு, நம் கண் வேறு என்று இவர் எல்லாரிடமும் சண்டை போடுகிறார் என்றார்.

"எங்க உயிரைக் காப்பாத்தினது நீங்கதான் மேடம்," என்றார் தையல்காரர்.

அந்த டீயைக் குடித்தேன். முழுக்கக் குடித்தேன்.

மே 21

நான் காலி செய்ய வைத்த மனுஷன். நல்ல வீட்டிலிருந்து எடுத்து விழுகிற வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். வேணும்னு செஞ்சிருந்தா கூட இவ்வளவு கச்சிதமா செய்ய முடியாது.

மே 23

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு அந்தத் தையல்காரர் குடும்பத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"பெரிய மனசு உனக்கு," என்றார். "ஆனா ஒரு நகராட்சி எஞ்சினியர் தன் வீட்லயே ஒருத்தரைக் கொண்டுவந்து வெச்சா, ஏன்னு கேப்பாங்க. சொந்த செலவுல சூனியம் வெச்சுக்காதே. அப்புறம் அந்த ஒரு குடும்பம்தானா? மத்த ஒன்பதையும் எங்க வெப்பே, என் தலைலயா?"

கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஒன்பதையும் காப்பாற்ற முடியாதென்றால் ஒன்றையும் காப்பாற்ற வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்திருந்தால் இவர் பெரிய சாராக ஆகியிருப்பார்.

நான் மறுபடி கேட்கவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

சாலைப் பிரிவுக் கிடங்கில் இரும்பு முட்டுகள் சும்மா கிடக்கின்றன. கிடங்குக்காரர் கோப்பு எண் கேட்டார். பசை குறுக்கே புகுந்து, உனக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் ஒட்ட வரும்போது நான் கோப்பு எண் கேட்பேனா என்று சண்டை போட்டு நாலு முட்டு வாங்கிவந்தார். நானும் அவரும் இரண்டு கூலியாட்களும் படிக்கட்டுச் சுவருக்கு முட்டுக் கொடுத்தோம். சில வாரம் தாங்கும், அடைமழை பெய்தால் வெளியே ஓட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரும். அவ்வளவுதான்.

கிளம்பும்போது துணி தேய்க்கிற அம்மா இரும்பைத் தட்டிப் பார்த்து, பரவாயில்லை, இப்போது ஸ்ட்ராங் ஆகிவிட்டது என்றார்.

ஜூன் 6

ஸ்ட்ராங் ஆகிவிட்டதாம்.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மதியம், கடையில் வேறு யாரும் இல்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தார், பசங்க பள்ளியில். பழைய எண், புது எண், நோட்டீஸ், எல்லாம் சொன்னேன். உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, நான் பார்த்து எழுதியது இந்த வீட்டை, தப்பு என்னுடையது. நின்றுகொண்டேதான் சொன்னேன்.

தையல்காரர் மெஷினிலிருந்து காலை எடுத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"இந்த வீடு நிஜமா விழுமா மேடம்?"

"விழும்."

"நீங்க சொன்னா நான் நம்பறேன். அன்னிக்கும் நம்பினேன். எங்க போகட்டும்? இடத்தைச் சொல்லுங்க. இன்னிக்கே மெஷினைத் தூக்கறேன்."

என் வீட்டு மாடி அறை. இரண்டு ஜன்னல், கிழக்கு வெளிச்சம், தைக்க நன்றாக இருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"ஏற்பாடு பண்றேன்," என்றேன்.

ஏற்பாடு பண்றேன்! இருபத்து மூணு வருஷமா ஜன்னல்கிட்ட வந்து நிக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி அனுப்பற வார்த்தை. அர்த்தம் என்னன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியல. கையெடுத்துக் கும்பிட்டார்.

ஜூன் 18

ஏன் சொல்லலை? மாடி அறைக்காக அவரை மறுபடி கேட்கணும்னா? மெமோவுக்குப் பயமா? பதில் எழுதத் தைரியம் இருந்தா எழுது.

படுக்கை விரிப்பை எல்லாம் துவைத்தேன்.

ஜூன் 30, திங்கள்

ஆணையருக்கு நேரடியாக எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். பதினான்கைப் பற்றி ஒரு வார்த்தை அல்ல, அறுநூறு வார்த்தை. பெரிய சாருக்கு நகல். இருபத்தேழை உடனே காலி செய்ய வேண்டும், விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசி வரி.

ஜூலை 9

பதில் வந்தது. இருபத்தேழைப் பற்றி இல்லை. மேலதிகாரி வழியாக அனுப்பாமல் நேரடியாக எழுதியது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ. கூடவே, நிர்வாகக் காரணங்களுக்காக என்னைப் புள்ளிவிவரப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு. அது தரைத்தளத்தில். இனி மாடி ஏற வேண்டாம்.

கட்டடப் பாதுகாப்புப் பிரிவில் இப்போது நாலு நாற்காலியும் காலி. பசைதான் தினமும் போய் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாராம். யாராவது இருக்கணும் இல்லையா மேடம் என்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

மாடி அறைக்கு ஆள் வந்துவிட்டது. கணவன் மனைவி இரண்டு பேர், சத்தமே இல்லை. அவருக்கு ரொம்பத் திருப்தி. நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஜன்னலில் நல்ல வெளிச்சம் வருகிறதே என்று அந்தப் பெண் சொன்னாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 4

தையல்காரர் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். நாலு மாடி ஏறி என்னைத் தேடி, பசை சொல்லி, தரைத்தளம் வந்தார். ஏற்பாடு என்னாச்சு என்று கேட்கக்கூட இல்லை. பக்கமாக வந்தேன், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். நீங்கள் இப்போது அந்த வேலையில் இல்லையா மேடம் என்றார். இல்லை என்றேன். அப்போது யார் பார்க்கிறார்கள் என்றார். யாருமில்லை.

சரி மேடம், மழைக்கு இன்னும் நாள் இருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை பதினொன்றே காலுக்கு விழுந்தது. மூன்று நாளாக மழை.

மூன்று பேர். மேல்மாடியில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு முதியவர். அவரைப் பார்த்துக்கொண்ட மகள். கீழே தையல்காரர், மெஷினில்.

துணி தேய்க்கிற அம்மா டெலிவரி கொடுக்கப் போயிருந்தார். பிழைத்தார்.

ஆகஸ்ட் 22

போகவில்லை. போகணும். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு. தையல்காரர் பொண்டாட்டி என்னைப் பார்த்து நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு மறுபடி சொல்லிட்டா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போனேன். அவர்கள் இப்போது தங்கியிருக்கிற வாடிக்கையாளர் வீட்டு வாசலில் செருப்புகளோடு நின்றேன். தையல்காரர் மனைவி என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தையல்காரர் ஜூனிலேயே சொல்லியிருக்கிறார். நான் உட்காரவில்லை, யாரும் உட்காரச் சொல்லவுமில்லை. பெரிய பையன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவர், சாப்பிட்டாயா என்று கேட்டார். இந்த வருடத்தில் முதல் தடவையாக அவர்மேல் கத்தினேன். கத்திவிட்டு, கத்தினது அவர்மேல் இல்லை என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன். அந்த அறையைக் கேட்க வேண்டியவள் நான். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டிருப்பார். அவரை எனக்குத் தெரியாதா.

செப்டம்பர் 5

பசை என் மேசைக்கு வந்தார். கையில் வாளி, கக்கத்தில் ஒரு தாள். இருபத்தேழாம் எண்ணைக் காலி செய்யும் உத்தரவு. மார்ச்சில் நான் போட்ட கோப்பு. இன்றைக்குத்தான் கையெழுத்தாகி வந்திருக்கிறது.

"எங்க மேடம் ஒட்டறது?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. ஒட்டி போட்டோ எடுத்து அனுப்பினால்தான் கோப்பை மூட முடியும். அந்த வயசான மனுஷன் அப்படியே என் மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போனார். எதிர்ப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஒட்டினாராம்.

அக்டோபர் 16

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. விபத்து நடந்த தேதியில் இருபத்தேழாம் எண், ஆபத்தான கட்டடங்களின் பதிவேட்டில் இல்லை. ஆகவே நடவடிக்கை எடுக்கத் தவறியதாகக் கொள்ள முடியாது. என் ஜூன் கடிதம் 'உரிய வழியில் பெறப்படாததால்' சேர்க்கப்படவில்லை. பெரிய சார் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். வழியனுப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தையல்காரர் மனைவியிடம் போய், என் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். வக்கீல் கேட்டால் காட்டுங்கள், சாட்சி சொல்ல நான் வருகிறேன் என்றேன். வாங்கிக்கொண்டார். படித்துப் பார்த்துவிட்டு, இதை எழுதத் தெரிந்தவருக்கு ஓர் இடம் சொல்லத் தெரியவில்லையா என்று கேட்டார்.

டிசம்பர் 29, திங்கள்

வருடாந்தர அறிக்கைக்கு அட்டவணைகள் தயாரிக்கிறேன். இப்போது இதுதான் என் வேலை. எத்தனை தெருவிளக்கு, எத்தனை கிலோமீட்டர் வடிகால், எத்தனை நாய்க்கு ஊசி. பதினெட்டாம் அட்டவணை: ஆபத்தான கட்டடங்களிலிருந்து பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டோர். இந்த வருடம் காலி செய்தது ஒரே ஒரு கட்டடம். ஆறு குடும்பம், முப்பத்தொரு பேர். வார்டு அலுவலகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் வந்திருந்தது. முதல் பெயர் தையல்காரர்.

நான் முப்பது என்று போட்டு அனுப்பினேன்.

மாலையில் திரும்பி வந்தது. 'பட்டியலோடு ஒத்துப்போகவில்லை, சரிபார்க்கவும்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. கண்காணிப்பாளரிடம் போய், அதில் ஒருவர் இறந்துவிட்டார் என்றேன். அவர் புதிதாக வந்தவர், நல்ல பையன், எதுவும் தெரியாது. பட்டியலைப் பார்த்தார்.

"அன்னிக்கு பத்திரமா வெளிய வந்தாரா மேடம்?"

"வந்தார். முதல் ஆளா வந்தார்."

"அப்ப இதுல அவர் இருக்கணுமே. அதுக்கப்புறம் நடந்தது வேற கோப்பு."

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். முப்பதை அடித்து, மேலே முப்பத்தொன்று என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.